பழைய வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் பாரமில்லாமல் இருக்கும்?

கேள்வி: 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வேகத்தைக் குறைக்காத ஆன்டிவைரஸ் ஒன்று சொல்லுங்கள்.

புதிதாக எதையும் போடாதீர்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. வீட்டுப் புழக்கத்துக்கு அதுவே போதும்.

நான் இருப்பது பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். கணினி வாங்கவும் பழுது பார்க்கவும் பெரும்பாலும் பொள்ளாச்சிக்குத்தான் போவோம். எந்தக் கடைக்குப் போனாலும் "இதப் போடாம நெட்டுப் பக்கம் போயிராதீங்க" என்று ஒரு ஆன்டிவைரஸ் பெட்டியையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

ஆன்டிவைரஸ் எதுவானாலும், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் முதலில் அது படித்துப் பார்த்தாக வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து படிக்கத் திணறும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். பட்டியலின் மேலே பெரும்பாலும் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' இருக்கும். அதுதான் டிஃபெண்டர். உடனே அதைத் திட்டி வேறொன்றை ஏற்றினால், அதுவும் அதே டிஸ்கைத்தான் படிக்கும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நடத்தும் வேகச் சோதனைகளில் டிஃபெண்டர் எப்போதும் முன்வரிசையில் வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆன்டிவைரஸ் சந்தாவுக்கு வைத்திருக்கும் காசை இதற்குப் போடுங்கள்.

அப்புறம், கணினி கடைக்காரர் கையால் விண்டோஸ் ஏற்றியதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உரிமம் இல்லாத விண்டோஸை ஓட்டவைக்கும் ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால், சிலர் சி டிரைவ் முழுவதையுமே விதிவிலக்கில் சேர்த்துவிட்டுப் போவார்கள். மேலே பச்சை டிக் இருக்கும், உள்ளே எதையும் சோதிக்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. நீங்கள் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்கிவிட்டு, முழு ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள்.

எங்கள் ஊர்களில் வைரஸ் வரும் வழி பெரும்பாலும் பென்டிரைவ். எல்லையில் இருப்பதால் ஒரு காரியத்துக்குக் கேரள அரசின் அக்ஷயா சேவை மையம், இன்னொன்றுக்கு அந்தப் பக்கம் இ-சேவை மையம், நடுவில் ஜெராக்ஸ் கடை. ஒரே பென்டிரைவ் எல்லா இடத்திலும் செருகப்படும். திரும்பி வரும்போது ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். உள்ளே இருந்தவை அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாமல், பென்டிரைவ் மேல் வலது கிளிக் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பிரின்ட் எடுக்க மட்டும் என்றால் பிடிஎஃப்பைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தீர்ந்தது.

'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் 'அலவ்' கொடுத்ததால் வருபவை. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைப் போட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

இலவச ஆன்டிவைரஸ்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றதற்காக அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. காசு கொடுத்தே வாங்குவேன் என்றால் சென்னை நிறுவனமான கே7 இருக்கிறது. முதலில் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதை ஏற்றினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு வெளி ஆன்டிவைரஸ்களை மட்டும் ஒன்றாகப் போடாதீர்கள்.

ஆன்டிவைரஸை விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள், ஆனால் பதிவு செய்தால்தான் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும்.