டீச்சரிடம் கேளுங்கள்: கயிறு நகராதபோது

கேள்வி: நான் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். உடற்கல்வி என் விருப்பப் பாடம். விளையாட்டுப் பயிற்சி பற்றிய பாடத்தில் ஐசோமெட்ரிக், ஐசோடானிக், ஐசோகைனெடிக், இடைவெளிப் பயிற்சி, ஃபார்ட்லெக் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தும் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறேன். அரையாண்டில் 70-க்கு 38தான் வந்தது. என்ன செய்யட்டும், டீச்சர்?
- ஒரு மாணவி, கடியப்பட்டணம்

பதில்: கடலோரக் கடியப்பட்டணத்தில் இருந்துகொண்டா மக்கா இதை மனப்பாடம் செய்கிறாய்? நானும் பி.டி. டீச்சராகச் சேர்ந்த புதிதில் வரையறைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்கத்தான் வைத்தேன். குண்டு எறிதலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பிள்ளை இதே பாடத்தில் தோற்றபோதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. மறுநாளே வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன்.

கரமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலை, இழுப்பதை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருப்பாய். குதிகால் மணலில் புதைய, எல்லோரும் பின்னால் சாய்ந்து நிற்பார்கள். கை நரம்பு புடைக்கும். கயிறோ ஒரு விரற்கடைகூட நகராது. தசை இறுகுகிறது, அதன் நீளம் மாறவில்லை. இதுதான் ஐசோமெட்ரிக். அப்புறம் கயிறு வரத் தொடங்கும், முழங்கை மடங்கும், மேல்கைத் தசை சுருங்கும். அது ஐசோடானிக். கடல் வலையைத் திரும்ப இழுக்கும்போது பிடியை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை நீட்டிக் கொடுப்பார்கள், பார்த்திருக்கிறாயா? அப்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. அதுவும் ஐசோடானிக்தான். சுருங்குவதை மட்டும் எழுதி, நீள்வதை விட்டுவிட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஐசோகைனெடிக்குக் கரையில் சரியான உதாரணம் இல்லை. அசைவு முழுவதும் ஒரே வேகம் இருக்க வேண்டும், அதற்கென்று செய்த கருவி வேண்டும். நீச்சலையும் துடுப்பு வலிப்பதையும் பாடநூல்கள் உதாரணமாகச் சொல்லும், அதையே எழுது.

வீட்டுச் சுவரை இரண்டு கையாலும் 6 விநாடி தள்ளிப் பார், ஐசோமெட்ரிக் உடம்பிலேயே தங்கிவிடும். ஆனால் மூச்சைப் பிடிக்காதே, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

அடுத்து இடைவெளிப் பயிற்சியும் ஃபார்ட்லெக்கும். இரண்டிலும் வேகமும் மெதுவும் கலந்து வருவதால்தான் உனக்குக் குழப்பம். இடைவெளிப் பயிற்சியில் எப்போது மறுபடி ஓடுவது என்பதை நாடி சொல்லும். வேகமாக ஓடி நின்றதும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்து 10 விநாடி எண்ணு. 30 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 180. நடந்துகொண்டே மறுபடி எண்ணு. 20-க்கு இறங்கினால் நிமிடத்துக்கு 120, அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பலாம். முழுதாக ஆறும்வரை உட்கார்ந்துவிட்டால் அது இடைவெளிப் பயிற்சி ஆகாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சாட்டோபெக் இப்படி 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடித்தான் தயாரானார். விடையில் அவர் பெயரை ஒரு வரி சேர்.

ஃபார்ட்லெக்கில் வேகத்தை முடிவு செய்வது நீயே. ஸ்வீடன் மொழியில் ‘வேக விளையாட்டு’ என்று பொருள். அந்த நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930-களில் உருவாக்கியது. ஈர மணலில் மெல்ல ஓடு. அந்தத் தென்னை வரை பாய வேண்டும் என்று தோன்றினால் பாய். முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிற பாதையில் மூச்சு வாங்கினால் நட, இறக்கத்தில் மறுபடி ஓடு. ஆனால் நிற்கக் கூடாது. மேடு, பள்ளம், மணல் எல்லாம் உன் ஊரிலேயே இருக்கிறது.

விடை எழுதும்போது முதலில் வரையறை, உடனே நீ கண்ட உதாரணம், அப்புறம் பயன், இந்த வரிசையில் எழுது. செய்முறைக்கு 30 மதிப்பெண் தனியாக இருக்கிறது, அதில் வாய்மொழிக் கேள்வியும் வரும். நாடி எண்ணத் தெரிந்த பிள்ளை அங்கே திணறாது.

நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஓடிவிட்டு வா. ஓடி நின்றதும் எவ்வளவு, 120-க்கு இறங்க எத்தனை விநாடி என்று நோட்டில் குறித்துவை. ஒரு வாரக் கணக்கை எனக்கும் எழுதி அனுப்பு, சரியா?