ஊடகக் கல்விக்கு விண்ணப்பிக்கும் மகளின் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

உயர்நிலை நான்கில் படிக்கும் தங்கள் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மாஸ் கம்யூனிகேஷன் எனப்படும் தொடர்பியல் படிக்க விரும்புவதையும், அந்தப் படிப்பை நம்பிப் பிழைக்க முடியுமா என்று தாங்களும் கணவரும் கவலைப்படுவதையும் எழுதியிருந்தீர்கள். வேலை இருக்கிறது. ஆனால், அதில் பெரும்பகுதி தங்கள் மகள் மனத்தில் காணும் செய்தி அறையிலோ படப்பிடிப்புத் தளத்திலோ இல்லை என்பதை இருவரும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் துறையில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பு, அவர் இதுவரை எதைச் செய்து முடித்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள். ஆகவே, விண்ணப்பப் படிவத்திற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் வேலைவாய்ப்பு. சிங்கப்பூரில் தமிழ்ச் செய்தி அறைகளை எண்ணிவிடலாம்: 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய, இப்போது எஸ்பிஎச் மீடியாவின்கீழ் வெளிவரும் தமிழ் முரசு. ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் வசந்தம் ஒளிவழி, ஒலி 96.8 வானொலி, தமிழ்ச் செய்திப் பிரிவு. இவற்றோடு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரித்துத் தரும் சிறிய நிறுவனங்களும் உள்ளன. ஆண்டுதோறும் இங்கே காலியாகும் இடங்கள் குறைவு. படித்து முடிப்போரில் பலர் அமைச்சுகள், அரசாங்க அமைப்புகள், மருத்துவமனைகள், வங்கிகள், விளம்பர நிறுவனங்கள் ஆகியவற்றின் தொடர்புப் பிரிவுகளுக்கே செல்கிறார்கள். அறிக்கை எழுதுவது, நிகழ்ச்சி ஏற்பாடு செய்வது, சமூக ஊடகப் பக்கங்களைப் பராமரிப்பது, நெருக்கடி நேரத்தில் பொதுமக்களுக்குப் பதில் சொல்வது ஆகியவை அங்கே அன்றாட வேலை. அது கௌரவமான வேலை. நிலையான சம்பளமும் உண்டு. பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு ஆய்வு முடிவுகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. உறவினர் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதைவிட அந்த எண்களை மகளோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

படிப்பதற்கான வழிகள் பல. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி நெடுங்காலமாக இத்துறையைக் கற்பித்து வருகிறது; மற்றப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இதே துறையை ஒட்டிய பட்டயப் படிப்புகள் உள்ளன. பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் தொடக்கக் கல்லூரிக்குச் சென்று, பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பியல், தகவலியல் பள்ளியிலோ சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல், புதிய ஊடகத் துறையிலோ சேர்வது இன்னொரு வழி. அந்தப் பள்ளிக்குப் பெயர் தந்த வீ கிம் வீ, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் எழுத்தராகச் சேர்ந்து, செய்தியாளராக உயர்ந்து, பின்னர் நாட்டின் நான்காவது அதிபரானவர் என்பதை, இத்துறையைக் குறைத்துப் பேசும் உறவினர்களிடம் தாங்கள் தயங்காமல் சொல்லலாம். ஏற்கெனவே கைபேசியில் படமெடுத்துத் தொகுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பட்டயப் படிப்பு பொருந்தும். நிறையப் படிக்கும், ஆனால் துறையை இன்னும் உறுதியாகத் தேர்ந்தெடுக்காத பிள்ளைக்குத் தொடக்கக் கல்லூரியே நல்லது என்பது என் கருத்து. பட்டயம் பெற்றவர்களும் நல்ல மதிப்பெண்ணோடு அதே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள், கதவு மூடிவிடுவதில்லை.

தங்கள் மகள் பயன்படுத்த வேண்டியது இஏஇ எனப்படும் முன்கூட்டிய சேர்க்கை நடைமுறை. ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பம் திறக்கும். மூன்று படிப்புகள்வரை தேர்ந்தெடுக்கலாம். ஆர்வத்தையும் திறமையையும் விளக்கும் சிறு எழுத்துரையை இணைக்க வேண்டும். தெரிவு செய்யப்படுவோர் நேர்காணலுக்கோ திறன் சோதனைக்கோ அழைக்கப்படுவார்கள். இடம் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான் கிடைக்கும்: சாதாரண நிலைத் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்டியாக வேண்டும். தொடர்பியல் படிப்புகள் ஆங்கிலத்தில் மற்றப் படிப்புகளைவிடக் கூடுதல் தேர்ச்சியை எதிர்பார்க்கின்றன. எனவே, இடம் கிடைத்துவிட்டது என்று ஆங்கிலப் பாடத்தைக் கைவிட்டுவிட வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வழியில் வரும் இடத்தை ஏற்றுத் தகுதியும் பெற்றுவிட்டால், தேர்வு முடிவுகள் வந்தபின் நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் வேறு படிப்பைத் தேட முடியாது. ஆகவே, மூன்றாவது தெரிவையும் பெயருக்குப் போடக் கூடாது. தங்கள் இளைய பிள்ளைக்கு இந்த விவரங்கள் அப்படியே பொருந்தா; 2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே பொதுச் சான்றிதழ்த் தேர்வு நடப்புக்கு வருகிறது.

இனி, முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மாணவர்கள் பலர் நேர்காணலுக்குக் கொண்டுவருவது பள்ளி விளையாட்டு விழாக் காணொளி ஒன்று: பின்னணி இசை, வேகமான வெட்டுகள், வானத்திலிருந்து ஒரு காட்சி. அதில் ஓடியவர் யார், அவருக்கு அந்த ஓட்டம் ஏன் முக்கியம் என்று எங்கும் இருக்காது. கருவியைக் கையாளத் தெரிகிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை. கருவியைக் கல்லூரியே கற்றுத்தரும்.

அதற்குப் பதிலாகத் தங்கள் மகள் விண்ணப்பத்திற்கு முன் வரும் ஒரு பண்டிகைக்கு முந்திய வாரத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகட்டும். மல்லிகைச் சரத்தின் விலை ஏறிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் கேம்பல் லேனிலும் பஃப்ளோ ரோட்டிலும் மூன்று கடைகளில் முழ விலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பூ எங்கிருந்து, எந்த நேரத்தில் வந்திறங்குகிறது, வாடிப்போனதை என்ன செய்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். போன ஆண்டு பாதி விலைதான் என்று ஒருவர் சொன்னால், அதற்கு ரசீதோ இன்னொருவரின் சொல்லோ ஆதாரமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அந்த வரியை எழுதாமல் விடட்டும். பேசியவரின் பெயரை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டு உறுதிசெய்து, படம் எடுக்கவும் வெளியிடவும் அனுமதி பெறட்டும். சந்தை இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், கைபேசியைப் பேசுபவரின் மார்பளவில் நெருக்கிப் பிடித்துப் பதிவுசெய்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன்பே காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இருநூறு சொற்களில் தமிழில் ஒரு செய்தி, ஆங்கிலத்தில் ஒரு செய்தி, இரண்டு நிமிட ஒலித்துண்டு ஒன்று, பெயரும் இடமும் தேதியும் கொண்ட குறிப்போடு நான்கு படங்கள். இவ்வளவுதான். இப்படி முடிக்கப்பட்ட மூன்று நான்கு வேலைகள் போதும். முடிக்கப்படாத இருபது யோசனைகளால் பயனில்லை. நேர்காணலில் முதலில் யாரிடம் பேசினாய், எதை நீக்கினாய், ஏன் என்று கேட்டால், இதைச் செய்த பிள்ளை பதிலுக்குத் திண்டாடாது. எழுத்துரையிலும் சிறுவயது முதலே ஊடகத்தின்மீது ஆர்வம் என்று தொடங்குவதைவிட, மல்லிகை விலை பற்றிய அந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுவது எவ்வளவோ மேல்.

தமிழைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்லியாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டும் எழுதத் தயங்கிக்கொண்டும் இருக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். இரண்டு மொழியிலும் சரளமாக எழுதிப் பேசக்கூடிய இளையர் அரிது என்பதால், அப்படிப்பட்டவருக்குப் போட்டி குறைவு. அமைச்சு ஒன்றின் அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். அதைக் கடைசி வரிசை வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் புரியும் தமிழில், எண் பிசகாமல், சில நிமிடங்களில் தரக்கூடியவரைச் செய்தி அறையும் விரும்பும், அரசாங்க அமைப்பின் தொடர்புப் பிரிவும் விரும்பும். தமிழ்ப் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெறட்டும். நாள்தோறும் ஒரே செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து ஒப்பிடட்டும். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளில் தொண்டூழியராகச் சேர்ந்தால், பேச்சாளர்களையும் செய்தியாளர்களையும் அருகிலிருந்து பார்க்கவும் வாய்ப்புண்டு.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலைகளை விழுங்கிவிடும் என்று கணவர் அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்குவதும் முதல் வரைவை எழுதுவதும் இப்போதே பெரும்பாலும் இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டன. நேரில் போய்க் கேட்பதும், சொன்னது உண்மையா என்று சரிபார்ப்பதும், வெளியிட்டதற்குப் பொறுப்பேற்பதும் மனிதரிடம்தான் இருக்கின்றன. மேலே சொன்ன பயிற்சியை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. குடியுரிமை பெற்ற மாணவருக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணத்தில் அரசாங்க மானியம் பெரும்பகுதியை ஏற்கிறது. மகளின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் உள்ள தொகையைப் பயன்படுத்தலாம். வருமானத்தைப் பொறுத்து சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் போன்ற அமைப்புகளின் உதவியையும் நாடலாம். தங்கள் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக் கடன் எடுத்தால், படிப்பு முடிந்தபின் மகள் அதை வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பட்டயம் முடிந்த கையோடு பெருங்கடன் வாங்கித் தனியார் பட்டப்படிப்பில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஊடகத் துறையில் பலர் சில காலமாவது சுயதொழில் செய்பவராக இருக்க நேரும். அப்போது முதலாளி செலுத்தும் சேம நிதிப் பங்கு இருக்காது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பங்கைத் தானே கட்ட வேண்டும். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எத்தனை திருத்தங்கள் என்பதை எழுத்தில் பெறாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. 2021 நவம்பர் முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பிறர் கேட்டு எடுத்துக்கொடுத்த படத்தின் உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், எடுத்தவருக்கே உரியது. ஊழியராக எடுத்தால் முதலாளிக்கு. கையொப்பமிடும் முன்பு அந்த வரியைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஜனவரித் தொடக்கத்தில் பொது வரவேற்பு நாள்களை நடத்துகின்றன. தாங்களும் மகளுடன் செல்லுங்கள். மேடையில் பேசுபவரைவிட மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்பது பயன் தரும்: வேலைப்பயிற்சிக்கு எங்கே அனுப்பினார்கள், அங்கே உண்மையில் என்ன வேலை கொடுத்தார்கள், வாரத்தில் எத்தனை இரவு தாமதமாக வீடு திரும்பினீர்கள், இரண்டாம் ஆண்டில் யாராவது விலகினார்களா, ஏன். விண்ணப்பத்திற்கான எழுத்துரையின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள்; திருத்தித் தரமாட்டேன், ஆனால் எங்கே தெளிவில்லை என்று குறித்து அனுப்புகிறேன்.