வேலூரில் ஊர் மாதிரி ஒரு தெரு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் கழனியும் மாடுமாக இருந்த குடும்பம் எங்களுடையது. கணவருக்கு வேலூர் ஆற்காடு ரோட்டில் மருந்துக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 20,000. ஏழு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள், கூடவே மாமியார், ஒரு கறவை மாடு. மாடி வீட்டில் அடைந்து கிடக்க அத்தையால் முடியாது. வாடகை 5,000-க்குள் ஊர் மாதிரி இடம் எங்கே தேடலாம்?
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: இடத்தின் பெயரிலிருந்தே ஆரம்பியுங்கள். வேலூர் மாநகராட்சியானது 2008-ல். 2011-ல் காட்பாடி, சத்துவாச்சாரி, தாராபடவேடு என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அதற்குள் வந்துவிட்டன. காகிதத்தில் அவை வார்டு எண்கள். உள்ளே நடந்து போனால் பழைய ஊர் இன்னும் இருக்கிறது: அம்மன் கோயில், வேப்பமரம், திண்ணை வைத்த ஓட்டு வீடுகள், வாசலில் கட்டிய ஆடு. அந்த ஊரைச் சுற்றியிருந்த கழனியை பிளாட் போட்டதில் முளைத்தவைதான் இன்றைய ‘நகர்’கள். பாடி, பாக்கம், வேடு, ஊர் என்று பெயர் முடிகிற இடமாகப் பார்த்து, அதன் நடுத்தெருவில் தேடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புது நகரில் வாடகை மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் பக்கத்து மனையில் சீமைக்கருவேலம் நிற்கும். பேச்சுக்கு ஆள் இருக்காது. அத்தை அடைந்து கிடப்பது அங்கேதான்.

தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை பக்கம் போகவே வேண்டாம். சி.எம்.சி.க்கு வரும் வெளிமாநில நோயாளிகளுக்கு நாள் கணக்கில் அறை விடுகிற இடத்தில், மாதக் கணக்கில் குடும்பத்துக்கு வீடு விட யாருக்கும் மனசு வராது. காட்பாடி காந்தி நகர், விருதம்பட்டு பக்கம் வி.ஐ.டி. மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்கிறார்கள். அந்த வாடகையோடு ஒரே சம்பளக் குடும்பம் போட்டி போட முடியாது.

உங்களுக்கு முதலில் பார்க்கச் சொல்வது தெற்குப் பக்கம்: தொரப்பாடி, பாகாயத்தின் உள்தெருக்கள், அரியூர். காட்பாடி – பாகாயம் டவுன் பஸ் 1-ம் 2-ம் அடிக்கடி வரும். கடைக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால், உங்களுக்கும் அத்தைக்கும் போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஊசூர், அணைக்கட்டு வழியாக ஊருக்குப் போவதென்றால் அரியூர் வழியிலேயே இருக்கிறது. ஆனால் 2007-ல் ஸ்ரீபுரம் பொற்கோயில் வந்தபின் அரியூரில் மெயின் ரோட்டை ஒட்டிய இடமெல்லாம் விலை ஏறிவிட்டது. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கேளுங்கள். அடுத்து, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காங்கேயநல்லூர். வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர். முருகன் கோயிலைச் சுற்றி இன்னும் ஊர் கலையாமல் இருக்கிறது. பிரச்சினை பாலாற்றுப் பாலத்தின் காலை நெரிசல். கடைக்குக் கிளம்பும் நேரத்தில் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். பொய்கை, விரிஞ்சிபுரம் அசல் கிராமங்களே. ஆனால் பள்ளிக்கூடமும் வீடும் பெங்களூரு நெடுஞ்சாலையின் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்தால் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. வீடு பார்க்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

தூரம் போனால் மிச்சம் என்று நினைப்பதற்கு முன் ஒரு கணக்கு. 12 கி.மீ. தள்ளி இருந்தால் பைக்கில் போக வர 24 கி.மீ.; மாதம் 25 நாளுக்கு 600 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. கொடுத்தாலும் 12 லிட்டர் பெட்ரோல், 1,200 ரூபாய்க்கு மேல். டயர், ஆயில் தனி. வாடகையில் 1,500-க்குக் குறைவாக மிச்சமாகுமென்றால் தள்ளிப் போவதில் அர்த்தமில்லை.

இப்போது தண்ணீர். ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது என்று வேலூரைக் கேலி செய்வார்கள். வீடு தேடும்போது அது கேலியில்லை. ‘போர் இருக்குது, தண்ணிக்குக் கவலையே இல்ல’ என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குழாயில் காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை எத்தனை மணிக்கு வரும், போன மே மாதம் போர் தண்ணீர் இறங்கியதா, சோறு எந்தத் தண்ணீரில் ஆக்குகிறீர்கள். குழாய் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளைப் படிவம் கெட்டியாக இருந்தால் கடின நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஹீட்டர் காயில் போய்விடும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்திருப்பவரிடம் வாங்கி ஒரு டம்ளரில் பாருங்கள்: 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆனால் மீட்டர் உப்பைத்தான் காட்டும். கழிவுநீர் கலந்திருப்பதையோ தோல் தொழிற்சாலைக் கழிவின் குரோமியத்தையோ தனியாகக் காட்டாது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

ஐந்து பேருக்குக் குடிக்க 15, சமைக்க 15, ஆக நாளைக்கு 30 லிட்டர். இதைக் கேனில் வாங்கினால் மாதம் 45 கேன். கேன் 30 ரூபாய் என்றாலும் 1,350. காவிரித் தண்ணீர் வாரம் ஒரு தடவைதான் வருகிறது என்றாலும் 210 லிட்டர் பிடித்து வைத்தால் போதும். மூடி உள்ள 120 லிட்டர் டிரம் இரண்டு வாங்குங்கள். வாரா வாரம் காலி செய்து உட்புறச் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது.

வீட்டை ஒரு தடவை காலை ஆறு மணிக்கும் ஒரு தடவை பிற்பகல் மூன்று மணிக்கும் பாருங்கள். காலையில் குழாயடியும் சாக்கடையும் தெரியும். மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். கோடையில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. சுற்றியுள்ள கல்மலைகளும் இரவு வரை சூட்டை விடாது. மரநிழல் இல்லாத மொட்டைமாடி ஒற்றை அறையையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டையும் தள்ளிவிடுங்கள். 5,000-க்கு நல்லது நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ போட்ட வீடு. ஆனால் ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றித் தருவது யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி வீடுகள் போனில் விளம்பரமாக வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மளிகைக் கடை, இஸ்திரி வண்டி, ரேஷன் கடை வரிசை, பால் ஊற்றுகிற இடம், இங்கெல்லாம் கேளுங்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு போனால் பாதி வேலை அவரே முடித்துவிடுவார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அப்போது காலியாக நிற்கும் வீட்டுக்குப் பேரம் படியும். ஆடியில் பேசி வைத்து ஆவணியில் பால் காய்ச்சலாம்.

மாடு விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்குக் குடிக்க 60 முதல் 80 லிட்டர் தண்ணீர், 20 கிலோவுக்குக் குறையாத பசுந்தீவனம், 5 கிலோ வைக்கோல், சாணம் கொட்ட இடம் வேண்டும். மாநகராட்சிக்குள் அனுமதியும் வாங்க வேண்டும். தெருவில் அவிழ்த்துவிட்டால் பிடித்துப்போய் அபராதம் போடுவார்கள். அத்தைக்கு மாடில்லாமல் முடியாது என்றால் தொரப்பாடியை விட்டுவிட்டு, ஆரணி ரோட்டில் கணியம்பாடி, பென்னாத்தூர் பக்கம் பாருங்கள். பஸ்ஸும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. இல்லையென்றால் ஊரில் யாரிடமாவது வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் அவசரத்துக்கு விற்பது மட்டும் வேண்டாம். அவசரக்காரர் என்று தெரிந்தால் தரகர் துண்டுக்கடியில் விரலை மடக்கி விலையைக் குறைத்துவிடுவார்.

கேள்வி: வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். கரண்ட் யூனிட்டுக்குத் தனி ரேட் போடுகிறார். சட்டப்படி சரியா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய’ என்று ஒரு ஓட்டை இருக்கிறது. பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாட இடம் குறைவு. ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். காலி செய்யும்போது வெள்ளை அடிக்க எவ்வளவு பிடிப்பார் என்ற தொகையையும் எழுதச் சொல்லுங்கள். தகராறு அங்கேதான் வரும். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

கரண்ட் விஷயத்தில் இழப்பு எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று குடித்தனம், ஆளுக்கு 180 யூனிட் என்று வைப்போம். தனித்தனி இணைப்பாக இருந்தால் ஒவ்வொருவரும் 80 யூனிட்டுக்கு, அதுவும் குறைந்த கட்டணத்தில் கட்டினால் போதும். மூன்றும் ஒரே சர்வீஸ் நம்பரில் ஓடினால் 540. 500-ஐத் தாண்டிவிட்டதால் கட்டணப் படிநிலையே மாறிவிடும், இலவசமும் ஒரு 100-தான். அதைத்தான் அவர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று உங்கள் தலையில் இறக்குகிறார். வீட்டுக்குத் தனி சர்வீஸ் நம்பர் உண்டா என்று பழைய கரண்ட் பில்லை வாங்கிப் பாருங்கள். வாடகை 300 ரூபாய் கூடுதலானாலும் தனி மீட்டர் வீடே லாபம்.

கேள்வி: காட்பாடிக்கு அப்பால் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை 1,200 சதுர அடி, எட்டு லட்சம் என்கிறார்கள். வாடகை கட்டுவதற்குப் பதில் வாங்கிவிடலாமா?
– வாசகர், லத்தேரி

பதில்: ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் தனியாகக் கிடையாது, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்த 2016 அக்டோபர் 20-க்கு முன்பே அது மனையாகப் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியாது, வங்கிக் கடனும் வராது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் 30 ஆண்டு வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் எடுத்து சர்வே எண் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். புலப்படத்தில் மனையை ஒட்டி ஓடை, வாய்க்கால் கோடு வருகிறதா பாருங்கள். தரையில் அது தூர்ந்து போயிருக்கும். ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷம் தண்ணீர் அந்தக் கோட்டைத்தான் தேடி வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் மனை இருக்கும் இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று மாடு மேய்ப்பவரைக் கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார்.

எட்டு லட்சத்துக்குப் பத்திரப்பதிவு 9 சதவீதம், அதாவது 72,000. மனைவி பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரை 1 சதவீதம் குறையும், 64,000 ஆகும். இதை விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

கேள்வி: வேலை சென்னையில். குடும்பத்தை காட்பாடியிலேயே வைத்துவிட்டு தினமும் ரயிலில் போய் வரலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: காட்பாடி – சென்னை சுமார் 130 கி.மீ. சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரை கொடுக்கிறார்கள், ஆகவே முடியும். பலர் போகிறார்கள். ஆனால் வண்டியிலேயே தினம் நாலு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பிள்ளைகள் உங்களை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார்கள். நடுவழியாக, மின்சார ரயில் வருகிற திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் பக்கம் பாருங்கள். நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஏரிக்குக் கீழே இல்லாத தெருவாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கே வீடு கேட்டாலும் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்கிறார்கள்.
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: ஊர் மாதிரி இடம் தேடினால் ஊரின் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது, வெட்கக்கேடுதான். சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு போன்ற இடங்களில் இந்த விசாரணை குறைவு. பல ஊர்க்காரர்கள், அரசு ஊழியர்கள் கலந்து குடியேறிய தெருக்கள் அவை. பழைய குடியிருப்பு என்பதால் மரங்களும் உண்டு. வெளியூரில் இருக்கிற வீட்டுக்காரராகப் பார்த்துப் பேசுங்கள். அவருக்கு வேண்டியது மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை.

கேள்வி: ரேஷன் கார்டை உடனே மாற்ற வேண்டுமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: அவசரமில்லை. கைரேகை வைத்து எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். ஆறு மாதம் அந்த வீட்டில் தங்குவது உறுதியானதும், வாடகை ஒப்பந்தத்தையோ காஸ் பில்லையோ வைத்து ஆன்லைனில் முகவரி மாற்றுங்கள்.