களத்துப் பாட்டா, ரெக்கார்டுப் பாட்டா?

கேள்வி: அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாடல்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருக்கிறது. தேடிப் பார்த்தால் எல்லாவற்றையுமே 'வேலைநிறுத்தப் பாட்டு' என்கிறார்கள். எது போராட்டத்தில் பிறந்தது, எது பின்னால் எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் மெட்டைப் பாருங்கள். வேலைநிறுத்தம் நடக்கிற ஊரில் உட்கார்ந்து புது மெட்டுப் போட யாருக்கும் நேரம் இருக்காது. நாளைக் காலை மறியலில் நூறு பேர் சேர்ந்து பாட வேண்டுமென்றால், அந்த நூறு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த மெட்டாக இருக்க வேண்டும். அதனால்தான் களத்துப் பாட்டுகள் பெரும்பாலும் சர்ச் பாட்டின் மீதோ பழைய கதைப்பாட்டின் மீதோ ஏறி உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது, பாட்டில் ஆள் பெயர் வருகிறதா என்பது. என்னைக் கேட்டால் இதுதான் நல்ல தடயம். கென்டக்கி மாநிலத்து ஹார்லன் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) 1931-இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்ததைப் பாருங்கள். சங்க அமைப்பாளர் சாம் ரீஸைத் தேடி கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப் ஜே. எச். பிளேரின் ஆட்கள் வீடு புகுந்து துழாவினார்கள். சாம் அங்கே இல்லை. மனைவி ஃபுளாரன்ஸும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். பிளேரின் ஆட்கள் போனதும் ஃபுளாரன்ஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து எழுதிய பாட்டுதான் 'விச் சைட் ஆர் யூ ஆன்?'. நீ எந்தப் பக்கம் என்று நேருக்கு நேர் கேட்கிற பாட்டு. பிளேரின் பெயர் அதில் அப்படியே இருக்கிறது. மெட்டு பாப்டிஸ்ட் சபைப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது என்பார்கள்.

இதன் பக்கத்தில் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாட்டை வைத்துப் பாருங்கள். பாடகர் மெர்ல் டிராவிஸ் 1946-இல் இசைத்தட்டுக்காக எழுதிப் பதிவு செய்தது. 1955-இல் டென்னஸி எர்னி ஃபோர்டு பாடிய பிறகு உலகமெங்கும் போனது. அதில் ஷெரிப்பும் இல்லை, சங்கமும் இல்லை. அதற்காக அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். டிராவிஸின் அப்பா கென்டக்கிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கூலியைப் பணமாகத் தராமல் கம்பெனி கடையில் மட்டும் செல்லும் டோக்கனாகக் கொடுத்து, தொழிலாளியைத் தீராக் கடனில் வைத்திருந்த முறையை அந்தப் பாட்டு அளவுக்கு எளிதாக விளக்க வேறொன்று கிடைக்காது. பேச்சில் இதை வாழ்க்கைப் பாட்டு என்று சொல்லுங்கள், வேலைநிறுத்தப் பாட்டு என்று சொல்ல வேண்டாம்.

ஆனால் இந்த இரண்டு சோதனையும் எப்போதும் கைகொடுக்காது. பாடியவர்களே வரிகளை மாற்றுவார்கள். கென்டக்கிச் சுரங்கக் குடும்பத்துப் பாடகி சாரா ஓகன் கன்னிங் 1930-களில் முதலாளித்துவ அமைப்பை வெறுக்கிறேன் என்று பாடிய பாட்டு, 1960-களின் பதிவில் கம்பெனி முதலாளிகளை வெறுக்கிறேன் என்று மாறியிருக்கிறது. ஆகவே வரிகளை மேற்கோள் காட்டினால் எந்த ஆண்டுப் பதிவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

துண்டறிக்கையில் வரிகளை அச்சடிப்பதாக இருந்தால் ஒரு விஷயம். ஃபுளாரன்ஸ் ரீஸ் இறந்தது 1986-இல்தான், அதனால் பாட்டுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கக்கூடும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

திரை வசதி இருந்தால் பார்பரா காப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.' ஆவணப்படத்தில் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். அதே கவுண்டியின் புரூக்சைடு சுரங்கத்தில் 1973-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் முன்னால் முதிய ஃபுளாரன்ஸ் எழுந்து நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல், அதே பாட்டைப் பாடுகிறார்.