அடியே படவில்லை, அப்புறம் ஏன் கன்றிப்போகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றியவை. பல வருடமாக ஏதோ ஒரு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், திடீரென்று உடம்பில் கருநீலத் திட்டு, எங்கே இடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

என் அம்மாவுக்கு 68 வயது. பதினோரு வருடமாக முடக்குவாதம், கூடவே சர்க்கரை. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதமாக முன்கையிலும் புறங்கையிலும் கன்றிக் கன்றிப் போகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணு (பிளேட்லெட்) 1.9 லட்சம், நார்மல் என்றார்கள். பெரியம்மா 'முனி அடிச்சிருக்கு' என்று திருநீறு போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ரத்தப் புற்றுநோயாக இருக்கும் என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமே போய்விட்டது.
— வாசகி, தேனி மாவட்டம்

பெரியம்மா திருநீறு போடட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாயை மூடத்தான் மருந்து கிடையாது. அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபினும் வெள்ளணுவும் இருக்கும், பாருங்கள். அவையும் சரியாக இருந்து, ஸ்மியரிலும் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கோளாறான அணு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பயத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

அப்புறம் ஏன் கன்றுகிறது? தட்டணு எத்தனை இருக்கிறது என்பது ஒன்று, அது வேலை செய்கிறதா என்பது வேறொன்று. வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் இருக்கும், வேலைதான் நடக்காது என்று நமக்குத் தெரியாதா! ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோ, குளோபிடோக்ரலோ, இரண்டுமோ எழுதியிருப்பார்கள். ஒரு தட்டணுவின் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள், ஆஸ்பிரின் அதை ஒருமுறை தொட்டால் ஆயுள் முழுக்க அது முடங்கியதுதான், புதிதாகப் பிறந்து வருகிறதை மறுநாள் மாத்திரை பார்த்துக்கொள்ளும். ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்க அப்படித்தான் இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த மாத்திரையே. அதற்கு விலையாகக் கதவு லேசாக இடித்தாலும், சேலை முந்தானையை இழுத்துச் செருகும்போது வளையல் அழுத்தினாலும் உள்ளே ரத்தம் கசியும். இடித்தது நினைவிலேயே இருக்காது.

முடக்குவாதத்துக்குப் பிரட்னிசலோன் கொடுத்திருக்கிறார்களா? வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் கைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். ரத்தக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத நார் கரைந்துபோவதுதான் காரணம், வெயிலும் வயதும் அதையேதான் செய்யும். அதனால்தான் திட்டுகள் வெயில் படுகிற முன்கையில் வருகின்றன, முதுகில் வருவதில்லை. வயதானவர்களின் இந்தத் திட்டைத் தாமஸ் பேட்மன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1818லேயே எழுதி வைத்துவிட்டார். இன்னொரு அடையாளமும் உண்டு. சாதாரண ரத்தக்கட்டு நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்தில் போகும் (அந்த மஞ்சள், மஞ்சள் காமாலையில் கண்ணில் தெரியும் அதே பிலிருபின்தான்). இந்த வயோதிகத் திட்டு பெரும்பாலும் பச்சை மஞ்சளுக்கெல்லாம் போகாது, கருஞ்சிவப்பாக இருந்து கடைசியில் பழுப்புக் கறையாக நின்றுவிடும்.

இதற்கெல்லாம் மேலே, மெடிக்கலில் போய் "முட்டிவலிக்கு நாலு மாத்திரை குடுங்க" என்று வாங்குவாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் சொல்ல மாட்டார். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஆஸ்பிரினோடு சேர்ந்தால் கன்றுவதோடு நிற்காது, வயிற்றிலும் குடலிலும் ரத்தம் கசியலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சில வருடம் முன்பு உங்கள் அம்மா வயதில் ஒருவர் வாய்ப்புண் என்று வந்தார். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு திட்டு. மஞ்சப்பையை மேசையில் கவிழ்க்கச் சொன்னேன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அட்டையில் ஒரு வாரத்துக்குள் ஏழு குழி காலி, பக்கத்தில் ஃபோலிக் ஆசிட் அட்டையில் ஒரே ஒரு குழிதான் காலி. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரே நாள் சாப்பிட வேண்டியதைத் தினமும், தினமும் சாப்பிட வேண்டியதை வாரம் ஒருமுறையும் மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார். ரத்த அணுக்களைத் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்துவிட்டது, தட்டணு 22,000. அட்மிட் செய்து மெத்தோட்ரெக்சேட்டை முறிக்கும் ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தோம். மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் 'வீக்லி' என்று தெளிவாகத்தான் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே இன்றைக்கே அம்மாவின் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு போட்டோ எடுங்கள். நாட்டு மருந்து உருண்டை, லேகியம் இருந்தால் அதையும். கைகால் வலி உடனே பறந்துபோகிறது என்று விற்கிற சில உருண்டைகளில் ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள், முகம் உப்பி, தோல் மெலிந்து, கன்றிப்போய் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அந்தப் போட்டோவோடு அவருடைய டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், குறிப்பாக ஸ்டென்ட் மாத்திரையையும் ஸ்டீராய்டையும். கையில் திட்டு வருவது அசிங்கம் மட்டும்தான், ஸ்டென்ட் அடைத்தால் ஆளே போய்விடுவார். ஒரே ஒரு விதிவிலக்கு: மெத்தோட்ரெக்சேட் தினமும் போயிருப்பது தெரிந்தால் அடுத்த மாத்திரை வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

காலில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் (கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தாலும் மறையாது), பல் ஈறில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், காய்ச்சலோடு திட்டு, தலையில் அடி, இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம்.

வால்வு மாற்றிய ஆபரேஷன் செய்து அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறேன். போன வாரம் இடுப்பில் பெரிய ரத்தக்கட்டு. இது எலி மருந்து என்று ஒரு நண்பர் சொல்கிறார், உண்மையா? முருங்கைக்கீரை கூடாது என்கிறார்களே?
— வாசகர், கும்பகோணம்

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்தே செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சினில் பிரித்தெடுத்தார்கள், அதன் வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் விற்றது. 1954ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது, மறுவருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். உங்கள் அசிட்ரோம் வார்ஃபரினுக்குச் சொந்தக்காரர், அவ்வளவே. அது இல்லாமல் உலோக வால்வு ஓடாது.

கீரையை விடுங்கள், இடுப்பில் ரத்தக்கட்டு வந்து ஒரு வாரம் ஆகியும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லையே! இன்றைக்கே பாருங்கள். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5லிருந்து 3.5க்குள் வைப்பார்கள், உங்கள் அளவு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதற்கு முந்தைய வாரம் வயிற்றுப்போக்கு என்று மெட்ரோனிடசோல் ஏதாவது வாங்கிப் போட்டீர்களா? அதுவும், படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோலும், வேறு சில ஆன்டிபயாடிக்கும் ஐ.என்.ஆரைச் சட்டென்று ஏற்றிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் ஆனாலும், வாயைத் திறக்கும் முன் அசிட்ரோம் என்று சொல்லுங்கள்.

கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையே தொடக்கூடாது என்றில்லை. வாரம் இரண்டு முறை சாப்பிடுகிற வழக்கம் என்றால் அப்படியே சாப்பிடுங்கள். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போன இடத்தில் ஒரு சட்டி பொரியலைக் காலி செய்வதுதான் வம்பு.

அப்பாவுக்குக் குடியால் கல்லீரல் கெட்டுவிட்டது. தட்டணு 80,000க்கு மேல் ஏறுவதில்லை, காலெல்லாம் திட்டு. தினமும் பப்பாளி இலைச்சாறு கொடுக்கிறோம், பலனில்லை.
— வாசகர், திருவண்ணாமலை

இலைச்சாறு டெங்குக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம். உங்கள் அப்பாவின் கதை வேறு. கல்லீரல் இறுகினால் அதற்குப் போகும் ரத்தம் பின்வாங்கி மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். இலைச்சாறு அந்தக் கதவைத் திறக்காது. போதாததற்கு ரத்தம் உறைய வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பதும் அதே கல்லீரல்தான். எனக்கு அவர் கால் திட்டைவிட உணவுக்குழாயில் புடைத்திருக்கக்கூடிய ரத்தக் குழாய்கள்தான் கவலை, அது வெடித்தால் வாய் வழியாக ரத்தம் கொட்டும். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். வலி என்றால் இடுப்பில் ஊசி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குடி நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை.

பாட்டிக்கு மறதி நோய். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. ஆனால் இரண்டு புஜத்திலும் உள்பக்கம் அடிக்கடி கன்றுகிறது. பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம்.
— பெயர் வேண்டாம்

நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது புரிகிறது. தானாக இடித்தால் பெரும்பாலும் முழங்கை, முழங்கால், முன்கால் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில்தான் கன்றும். புஜத்தின் உள்பக்கம், காது, கழுத்து இதெல்லாம் இடிபடும் இடங்களே இல்லை. ஒரு பக்கம் நாலு வட்டம், எதிர்ப்பக்கம் ஒன்று என்று இருந்தால் அது விரல் தடம். ஆனால் உடனே பார்த்துக்கொள்ளும் ஆள்மேல் பாயாதீர்கள். பாட்டியைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குகிறார் என்று ஒருநாள் கூட இருந்து பாருங்கள். புஜத்தைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறவர்களே அதிகம், தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்தோ இடுப்பில் துண்டைக் கட்டியோ தூக்கக் கற்றுக்கொடுத்தால் பத்து நாளில் விடை தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் காதிலோ கழுத்திலோ வந்தால், அல்லது அவர் அறைக்குள் வரும்போது பாட்டி ஒடுங்கினால், நான் சொல்லித்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்றில்லை.

இன்சுலின் போடும் வயிற்றில் மட்டும் நீலம் நீலமாக இருக்கிறது. பயப்படணுமா?
— வாசகி, சிவகாசி

வேண்டாம். ஒரே ஊசியை எத்தனை நாள் வைத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள், முனை மழுங்கிய ஊசி கிழித்துக்கொண்டுதான் போகும். தினமும் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.