போன் ஸ்பீக்கரில் கேட்ட ஆல்பம்

அன்புள்ள ஐயா,

நண்பன் சொன்னான் என்று க்ருங்பின் என்கிற அமெரிக்க மூவர் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பமான 'கோன் தோதோ எல் முந்தோ'வைக் கேட்டேன். சமைத்துக்கொண்டே போனில் மூன்று முறை ஓட்டினேன். இனிமைதான், ஆனால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பாதிக்கு மேல் வரிகளே இல்லை. ஹோட்டல் லாபியில் போடுகிற இசை மாதிரி இருக்கிறது. இது ராக்கா, ஃபங்க்கா, சோல் இசையா? இதில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ராக்கா ஃபங்க்கா என்பதை விடுங்கள், அது கடைக்காரன் கவலை. ஹோட்டல் லாபி என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. போன் ஸ்பீக்கரில், தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்கிறீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கர் அதை எப்படிக் காட்டும்? கிட்டாரும் தாளத்தின் சலசலப்பும் மட்டும்தான் உங்களுக்குக் கேட்டிருக்கும். இந்த ஆல்பத்தில் பாதிப் பாட்டைப் பாடுவதே லாரா லீயின் பேஸ்தான்.

அவர்கள் பாட்டைக் கட்டுகிற விதமே அப்படி. முதலில் டொனால்ட் ஜான்சனின் ட்ரம்ஸ், அதன் மேல் பேஸ், அப்புறம்தான் மார்க் ஸ்பியரின் கிட்டார். ஜான்சனும் ஸ்பியரும் ஹூஸ்டனில் ஒரு தேவாலயத்தின் காஸ்பல் (பக்திப் பாட்டு) குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள், ஜான்சன் அங்கே ஆர்கன். பாடுகிறவருக்கு வழிவிட்டு வாசிக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன். டெக்சஸில் பர்ட்டன் என்கிற சின்ன ஊரின் களஞ்சியக் கொட்டகையில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்து, 2018 ஜனவரியில் வெளியிட்டார்கள். இதில் வரும் 'மரியா தம்பியென்' பாட்டில் 1979 புரட்சிக்கு முந்தைய ஈரானியப் பாட்டின் சாயல் தெரியும். அதன் வீடியோ முழுக்க அந்தக் காலத்து ஈரானியப் பெண் கலைஞர்கள்தான்.

என் மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கல்யாண வீடுகளில் பாடகருக்கு மாலை போடுவார்கள், கீபோர்டுக்காரரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ளும், மாமாவிடம் மட்டும் யாராவது வந்து "நீங்க என்னண்ணே வாசிச்சீங்க?" என்று கேட்பார்கள். ஒரு ராத்திரி பாதிப் பாட்டில் அவர் ஆம்ப்ளிஃபையர் ஃபியூஸ் போய்விட்டது. மற்ற எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பாடகர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மாமா சத்தம் வராத கிட்டாரைக் கடைசி வரை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது முதலில் கீழேதான் போகிறது.

வரிகள் இல்லை என்கிறீர்கள். ஆல்பத்தின் பெயர் வந்த கதை தெரியுமா? லாரா லீயின் மெக்சிக வம்சாவளித் தாத்தா அவரிடம், என்மேல் எவ்வளவு பிரியம் என்று கேட்பாராம். 'உலகம் மொத்தத்தோடும்' என்கிற ஒரே பதிலைத்தான் ஏற்றுக்கொள்வாராம். அந்தப் பதில்தான் ஸ்பானிஷில் ஆல்பத்தின் பெயர், தாத்தாவின் கேள்விதான் முதல் பாட்டின் பெயர், அந்தப் பாட்டில் யாரும் பாடுவதில்லை. இதற்கு மேல் என்ன வரி வேண்டும் உங்களுக்கு?

உங்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பிடிக்காததை மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள், அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்? நாலாவது முறை நல்ல ஹெட்போன் ஒன்று கடன் வாங்கி, அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். இதே ஆல்பத்தின் 'ஃப்ரைடே மார்னிங்' பாட்டைப் போட்டு, கிட்டார் என்ன செய்தாலும் அதன் பின்னால் போகாமல் பேஸை மட்டும் கடைசி வரை பிடித்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.