காலிமுகத்திடலுக்கு நீங்கள் ஏன் வரவில்லை?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவரின் பதில்கள்

2022இல் கொழும்புக் காலிமுகத்திடலில் ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராக அவ்வளவு சனம் திரண்டபோது தமிழர்கள் ஏன் ஒதுங்கி நின்றீர்கள் என்று என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழி இன்றைக்கும் கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, வவுனியா

முதலில் அந்தத் திடலின் கதையைச் சொல்லுங்கள், தங்கச்சி. 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகமும் தமிழரசுக் கட்சிக்காரரும் சத்தியாக்கிரகம் இருந்தது அங்கேதான். காடையர் வந்து அடித்தார்கள். அமிர்தலிங்கம் உடைந்த மண்டையில் கட்டோடு பக்கத்திலிருந்த நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தப் பழைய நாடாளுமன்றக் கட்டடம்தான் பிறகு ஜனாதிபதி செயலகம் ஆனது. 2022 ஏப்ரல் 9 தொடக்கம் பிள்ளைகள் கூடாரம் அடித்து மறித்துக்கொண்டு இருந்ததும் அதன் வாசலைத்தான். நடுவில் இன்னொன்றும் உண்டு. 2009 ஜூன் 3ஆம் திகதி யுத்த வெற்றி அணிவகுப்பும் அதே இடத்தில் நடந்தது. வன்னிச் சனம் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட மெனிக் பாம் முகாம்களில் கம்பி வேலிக்குள் கிடந்த நேரம் அது. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த அதே கோட்டாபயவைத்தான் 2022இல் 'வீட்டுக்குப் போ' என்றார்கள்.

அடுத்தது, வடக்கு சும்மா இருக்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி உட்கார்ந்தவர்கள். கொழும்பில் முதல் கூடாரம் எழும்பியபோது அவர்களுக்கு ஆறாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரைக்கும் தமிழரும் முஸ்லிம்களும் பேரணி போனார்கள். அப்போதெல்லாம் நீ எங்கே இருந்தாய் என்று தோழியிடம் கேளுங்கள். சண்டைக்குக் கேட்க வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். பாதிச் செய்தி அவர்களின் பத்திரிகைகளில் வந்திருக்காது.

மூன்றாவது, பயம். கொழும்பில் கண்ணீர்ப் புகையும் தடியடியும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வன்னியில் ஒரு பெடியன் பதாகை பிடித்தால், மறுநாள் சிவில் உடையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்று, யார் யார் போனது, தொலைபேசி எண் என்ன, வெளிநாட்டில் சொந்தக்காரர் யார் என்று தாயிடம் விசாரித்துவிட்டுப் போவார். அந்தத் தாய் 'நீ போகாதை ராசா' என்றுதான் சொல்வாள். அவளிடம் போய் ஐக்கியம் பேச எனக்கு வாய் வராது.

நான் போனேன். வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறினால் திடல் வாசலில் இறங்கலாம். (பஸ் வந்தால்தான். அப்போது டீசலும் இல்லையே.) ஒரு சிங்களப் பெடியன் 'வீட்டுக்கு போ' என்று தமிழில் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு 'ப்' குறைந்தது. பையில் சிவப்புப் பேனை இருந்தும் கையை அடக்கிக்கொண்டேன். பக்கத்திலேயே தேசியக்கொடி விற்பனை. அந்தக் கொடியைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

"69 இலட்சம் பேர் வாக்குப் போட்டுக் கொண்டுவந்த ஆள்தானே, அனுபவிக்கட்டும்" என்று என் அப்பா அப்போது சொன்னார். சரியா?
– ஒரு மாணவன், யாழ்ப்பாணம்

அப்பாவின் கணக்குச் சரி. 2019 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம் எதிர் வேட்பாளர் சஜித்துக்குத்தான் அள்ளிக் கொடுத்தது. வென்றவர் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய முன்னால் பதவியேற்று, சிங்களவர் வாக்கிலேயே வென்றேன் என்று சொல்லவும் செய்தார். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குழந்தை என்றும் பாராமல், ஒரு வருஷத்துக்குக் கிட்ட எரித்ததும் அந்த ஆட்சிதான். ஆக, மனதுக்குள் 'நல்லா வேணும்' என்று வந்தால் அது மனித இயல்பு.

ஆனால் தம்பி, பெற்றோல் ஷெட் வரிசையில் அப்பாவும் நின்றிருப்பார். குருநகரில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. கிளிநொச்சியில் உரமில்லாமல் வயல் மஞ்சளடித்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய தலைமுறை அப்பாவுடையது. வரிசையில் நிற்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அப்போது தெற்கு எங்களுக்காகக் கூடவில்லை என்பதுதான் அவருடைய கோபம். அந்தக் கோபத்தை விட்டுவிடச் சொல்லி நீங்கள் புத்தி சொல்ல வேண்டாம். அதை வைத்துக்கொண்டே கோட்டாவுக்கு எதிராகக் கத்தியிருக்கலாம்.

மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தது உண்மையா, நாடகமா?
– ஒரு வாசகர், திருகோணமலை

உண்மை. விளக்கேற்றினார்கள், கஞ்சி கொடுத்தார்கள். பிக்குகள் நின்றார்கள், பாதிரியார்கள் நின்றார்கள். அந்தக் கஞ்சிக்குப் பாலும் இல்லை, பயறும் இல்லை. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். ஒரு சிங்களப் பிள்ளை முதல் வாய் குடித்துவிட்டு, சீனி போடவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள். 2009இல் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளில் கிடந்த சனத்துக்கு இதுதான் சாப்பாடு என்று பக்கத்தில் நின்றவர் சொல்லி முடித்ததும், பேசாமல் முழுவதையும் குடித்தாள். என் கண்ணால் கண்டது இது. நாடகம் என்று எப்படிச் சொல்வேன்?

அதே வேளையில், நாடு முழுக்க மனம் மாறிவிட்டது என்று அன்றைக்கு எழுதியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2024 மே மாதம் உங்கள் மாவட்டத்திலேயே, சம்பூரில், அதே கஞ்சியைக் கொடுத்ததற்காக நான்கு பேரைக் கைது செய்தார்கள். அதில் மூவர் பெண்கள். அதற்குக் கொழும்பில் எத்தனை கூடாரம் எழும்பியது?

ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் குதித்துக் குளித்தார்களே, அநாகரிகம் இல்லையா?
– ஒரு வாசகர், சென்னை

குளித்தவர்கள் அங்கே ஒரு கோடியே 78 இலட்சம் ரூபாக் காசையும் கண்டெடுத்து, எண்ணிப் பொலிஸிடம் கொடுத்தார்கள் ஐயா. குளத்துத் தண்ணீர் மாற்றினால் போச்சு. எனக்கு உறுத்தியது, அன்றிரவு அப்போதைய பிரதமர் ரணிலின் வீட்டை எரித்தது. அதில் அவருடைய நூலகமும் போனது. யாழ்ப்பாணத்துக்காரிக்குப் புத்தகம் எரிவது இனிக்காது. 1981இல் எங்கள் நூலகம் எரிந்தபோது அமைச்சரவையில் அவரும் இருந்தார் என்பது வேறு கணக்கு.

கொழும்பு, யாழ்ப்பாணம் என்றே பேசுகிறீர்கள். மலையகத்தார் கண்ணில் படவில்லையா?
– ஒரு வாசகி, ஹட்டன்

நியாயமான கோபம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது முதலில் அடி வாங்கியது உங்கள் தேயிலைக் கொழுந்துதான். அந்த வருஷம்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்கு எட்டாது, கணக்கு எட்டாவிட்டால் ஆயிரமும் முழுதாகக் கையில் வராது. கொழும்பு காஸ் சிலிண்டருக்காக அழுதபோது, லயத்தில் ரொட்டிக்குக் கோதுமை மா இல்லை. வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் கடை பூட்டிய பிறகு திடலுக்கு வந்ததைக் கண்டிருக்கிறேன். விடிந்தால் வேலை என்று கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

கடைசியில் அரகலயவால், அந்த 2022 போராட்டத்தால், தமிழருக்கு என்ன கிடைத்தது?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பெரிதாக ஒன்றும் இல்லை. ஜூலை 20 நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலை ஜனாதிபதியாகத் தெரிந்தது, 22 விடியப்புறம் இராணுவம் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தது. பிறகு ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 1979 முதல் எங்கள் பிள்ளைகளை விழுங்கிய சட்டம் அது. எங்கள் வீடுகளில் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்ததைச் சிங்களத் தாய்மார் சிலர் அப்போதுதான் நம்பினார்கள். அடுத்த மாதமே அந்தச் சட்டத்துக்கு எதிராகக் காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை கையெழுத்து வேட்டை போனது. அம்பாந்தோட்டையில் அந்தக் கடதாசியை நீட்ட முடிந்ததே, அதை வேண்டுமானால் கிடைத்தது என்று சொல்லலாம்.

2024 நவம்பரில் யாழ்ப்பாணம் ஆறில் மூன்று ஆசனத்தைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. உங்கள் மட்டக்களப்பு அப்படி அள்ளிக் கொடுக்காமல், தமிழரசுக் கட்சியை முன்னால் நிறுத்தியது. இரண்டுக்கும் காரணம் உண்டு. வென்றவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று தங்கள் கொள்கைப் பிரகடனத்தில் எழுதித்தான் வந்தார்கள். உங்கள் பக்கம் அவர்களின் எம்.பி. யாராவது கோவில் திருவிழாவுக்கு வந்தால், பொன்னாடை போர்த்த முன்னம் பிரகடனத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டித் திகதி கேளுங்கள்.